வித்தியாசத்துக்கு ஒரு காப்பீடு

தீவின் தலைநகர் சுவாவில் இந்தியர்களின் கடைகள் சூறையாடப்பட்டதற்கு இரண்டு மாதம் முன்புதான் கடன் போட்டுக் கார் வாங்கியிருந்தோம். கணவருக்குத் தொலைவில் வட்டுகோலா தங்கச் சுரங்கத்தில் எஞ்சினியர் வேலை; அங்கேயே தங்கியிருந்தார். நான் சுவாவின் சமபுலா பகுதியில் ஆசிரியை. குழந்தைக்கு ஒன்றரை வயது. கலகத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் வாரம் ஒரு குடும்பமாவது நாட்டை விட்டுக் கிளம்பியது. கிளம்புகிறவர்கள் எல்லோரும் காரை விற்கப் பார்த்தார்கள். வாங்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் காப்பீட்டு முகவர் வந்தார். கரும்புத் தோட்டக் கூலிக்கு வந்த தமிழர்களின் பேரன். பாதி இந்தி கலந்தாலும், அந்தத் தெருவில் என்னிடம் தமிழில் பேசிய ஒரே ஆள். கார் தொலைந்தால் காப்பீடு அன்றைய சந்தை விலையைத்தான் தருமாம். கடன் அதைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் எங்கள் தலையில். அந்த வித்தியாசத்தைக் கட்டத் தனியாக ஒரு காப்பீடு உண்டு, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார். அதற்கான பணத்தையும் கடனிலேயே சேர்த்துக்கொள்வார்களாம்.

கடன் பாக்கி இருந்தால் விமான நிலையத்தில் தடுத்துவிடுவார்கள் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு உண்மை என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் கிளம்ப நேர்ந்து, குழந்தையோடு தடுத்து நிறுத்தப்பட்டால் என்ன செய்வது என்று இரவெல்லாம் கணக்குப் போட்டேன்.

படிவத்தை மூன்று முறை படித்தேன். கலகத்தில் சேதமானால் முதல் காப்பீடு தராது. அது தராவிட்டால் இதுவும் தராது.

"அண்ணே, கலகம் நடக்கிறப்போ திருடு போனா?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடித் திறந்தார். "அது கலகத்துல போச்சா, திருட்டுல போச்சான்னு ஆபீஸ்தான் சொல்லும், தங்கச்சி."

கணவருக்குப் போன் செய்தேன். படித்தவள், நீயே பார்த்து முடிவு செய் என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வேண்டாம் என்று தீர்மானித்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும்போது வேண்டும் என்று தோன்றியது. துவட்டி முடிப்பதற்குள் மறுபடி வேண்டாம்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வெள்ளிக்கிழமை தேநீர் போட்டு வைத்திருந்தேன். அவர் உட்கார்ந்ததும், நியூசிலாந்து போக அனுமதிக் கடுதாசி வந்துவிட்டது என்றார். அடுத்த வாரம் பயணம். மனைவி அழுதுகொண்டே இருக்கிறாளாம்.

"என் காரை எவனும் கேக்கல. மச்சான் வீட்ல விட்டுட்டுப் போறேன்."

"உங்க காருக்கு இந்த வித்தியாசக் காப்பீடு எடுத்தீங்களா?"

"இல்ல தங்கச்சி," என்று சிரித்தார். "எனக்கு யாரு வந்து விக்கிறது?"

அதைக் கேட்ட பிறகாவது படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஊரை விட்டுப் போகிறவரை, நம் மொழி பேசியவரை, வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்று தோன்றிவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் போன பிறகுதான், கார் தொலைந்தால் இனி யாரிடம் சொல்வது என்று கேட்காமல் விட்டது உறைத்தது. திங்கட்கிழமை காரைப் பூட்டி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன்.