ஆறு வாசல் தேத்தண்ணி

"பூனைக்கு வாயைக் காட்ட வேண்டும். நாயையும் கூடவே காட்டிவிடலாம்." பொங்கல் முடிந்த வாரத்தில் என் நாட்குறிப்பில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன். கவலையெல்லாம் பூனையைப் பற்றி. நாய் துணைக்கு வந்தது.

பூனை சுந்தரி, நாய் ராஜா. இரண்டுமே கிழடு. நான் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பசறைக்கு மேலே, நான் பிறந்த அதே லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) கடைசி வீட்டில் மனைவி பாக்கியத்துடன் இருக்கிறேன். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஆட்டோவில் பதுளைக்குப் போனோம்.

கால்நடை மருத்துவர் யாழ்ப்பாணத்துப் பெண், சிரிக்கத் தெரியாதவர். சுந்தரியின் வாயைப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். பிறகு ராஜாவின் கண்ணில் டார்ச் அடித்தார். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்று கேட்டார். இரண்டும் உண்மை. வயதுக்கு அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். காதோரத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நீரிழிவு என்றார். கண்புரையும் (கண்ணின் வில்லை பால்போல் மங்குவது) தொடங்கியிருந்தது. காலையும் மாலையும் சாப்பிட்டதும் இன்சுலின் (இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் சுரப்புநீர்) ஊசி. எப்போதும் ஒரே அளவு சாப்பாடு. இடையில் எதுவும் கூடாது.

இதே ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்வதற்காக அல்ல. ஊசி சுலபம். கழுத்துக்குப் பின்னால் தோலைத் தூக்கி ஏற்றினால் நாய் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கஷ்டமெல்லாம் அயலவர்களால் வருவது.

எங்கள் வரிசையில் எங்களைத் தவிர ஆறு வீடுகள். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) ஓடுமுன் எல்லோரும் வாசலில் நின்று சீனி தூக்கலாகத் தேத்தண்ணி (தேநீர்) குடிப்பார்கள். கடைசி மிடறைக் குடிக்க மாட்டார்கள். வாசலில் கிடக்கும் தகர மூடியில் நாய்க்கு ஊற்றுவார்கள். அதை யாரும் நாய்க்குச் சாப்பாடு கொடுத்ததாக நினைப்பதில்லை. வீடு வீடாகப் போய் நாய்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார்கள். மனசாட்சியோடுதான் ஆட்டியிருப்பார்கள்.

அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கவில்லை.

"வீட்டில வேற ஆரும் ஏதும் குடுக்கினமோ?" என்று மருத்துவர் கேட்டார்.

ஒருவரும் இல்லை, நானே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அப்ப நீங்கள் ஊசியைச் சரியாப் போடேல்லை."

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் பிழையைத் திருத்தியவனிடம் அப்படிச் சொன்னார். மருந்தின் அளவைக் கூட்டினார். அதற்கடுத்த முறை இன்னும் கூட்டினார்.

பிறகு ஒரு காலை ராஜாவின் பின்னால் நடந்தேன். பாதிக் குருட்டு நாய் ஒவ்வொரு வாசலிலும் பிசகாமல் நின்றது. பக்கத்து வீட்டுச் சரோஜா, கொழுந்தெடுத்து ஓய்ந்தவர், என் கண்முன்னாலேயே மூடியில் ஊற்றினார். நான் ஆறு மூடிகளையும் பொறுக்கிக் கானுக்குள் (சாக்கடை) எறிந்தேன்.

"ஒரு மொடக்குத் தேத்தண்ணி மாஸ்டர். நாங்க என்ன வெசமா வச்சோம்?"

"அதுக்கு வெசந்தான்."

"அப்ப உங்க நாயக் கட்டிப் போடுங்க. லயத்துக்கே பாடம் எடுக்காதீங்க. அதான் பென்சன் குடுத்து அனுப்பிட்டாங்கல்ல."

பெரட்டுக்குக் கிளம்பியவர்கள் நின்று சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஒரு வாசலிலும் ராஜாவுக்கு ஒரு சொட்டு விழவில்லை. "போ, மாஸ்டர் நாயே" என்று விரட்டினார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

இதே நிலையில் இருப்பவர்கள் இந்த இடத்தை இருமுறை வாசிக்கவும். கூட்டிய அளவு, ஆறு வாசலில் தேத்தண்ணி குடித்த நாய்க்குக் கணக்கிட்டது. இப்போது தேத்தண்ணி இல்லை. ஊசி மட்டும் அப்படியே இருந்தது. மருத்துவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முதலில் அவர் கேட்ட கேள்விக்கு என் பதில் பிழை என்றாகும். அதனால் தள்ளிப்போட்டேன்.

சில நாளில் ராஜா முற்றத்தில் தள்ளாடிச் சரோஜாவின் வாசலில் விழுந்தது. கால்கள் நீந்துவதுபோல் இழுத்தன. பாரிசவாதம் (பக்கவாதம்) என்று நினைத்தேன். மருத்துவருக்கு போன் செய்தேன். தேத்தண்ணி நின்ற கதையை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன்.

"உடன சீனி. கரைச்சு முரசில தேயுங்கோ. வாய்க்குள்ள ஊத்தாதேங்கோ, புரைக்கேறும். பிறகு இஞ்ச கொண்டு வாங்கோ."

சர்க்கரைத் தாழ்வு (இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) நிமிடங்களில் கொல்லும். எங்கள் வீட்டில் சீனி இல்லை. நாயைக் காரணம் காட்டி நான்தான் நிறுத்தியிருந்தேன். பாக்கியம் வெறும் சீனிப் போத்தலைத் திறந்து என்னிடம் காட்டினாள்.

நான் போனில் பேசியதைக் கேட்டுவிட்டுச் சரோஜா சீனி கரைத்த டம்ளருடன் வாசலில் நின்றார்.

"இப்பக் குடுக்கலாமா மாஸ்டர்? இல்ல வெசமா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, சீனித் தண்ணீரில் விரலைத் தோய்த்து ராஜாவின் முரசில் (ஈறில்) தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என்னைத் திட்டினார். என் அப்பாவையும் விடவில்லை. கால்கள் அடங்கின. வால் ஒருமுறை மண்ணைத் தட்டியது.

பதுளையில் மருத்துவர் அளவைக் குறைத்தார். "எனக்குப் பொய் சொன்னால் நாய்க்குத்தான் ஊசி" என்றார். பொய் சொல்லவில்லை, தெரியாது என்றேன். இரண்டுக்கும் நாய்க்கு வித்தியாசம் இல்லை என்றார்.

ராஜா உயிரோடு இருக்கிறது. பார்வை முழுதாகப் போய்விட்டது. சுந்தரி நன்றாகவே இருக்கிறது. அதற்கு ஒருபோதும் ஒன்றும் இருக்கவில்லை. சரோஜாவுக்கு நான் நன்றி சொல்லவில்லை. அவரும் என்னோடு பேசுவதில்லை.

என் நாளுக்கு இப்போது காலை மாலை என்று இல்லை. ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்றுதான் இருக்கிறது. இரவில் தாகமெடுத்தால் எழுந்து உட்கார்ந்து என் உடம்பையே சந்தேகிக்கிறேன். வெறுந்தேத்தண்ணியின் கசப்பு பழகிவிட்டது.

ராஜாவுக்கு அந்தத் தேத்தண்ணி நேரம் மறக்கவில்லை. விடியலில் வீடு வீடாகப் போய், ஒருவர் தேத்தண்ணி குடித்து முடிக்கும் அளவுக்கு நின்றுவிட்டு நகர்கிறது. சரோஜாவின் வாசலில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. திரும்பும்போது முகவாய் மயிர் நனைந்திருக்கிறது. பதுளையில் பார்க்கும் சர்க்கரை அளவு சீராகவே இருக்கிறது. நனைத்தது புல்லிலிருந்த பனியா, தேத்தண்ணியா என்பதை நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்த வேண்டுமானால் சரோஜாவிடம் கேட்க வேண்டும்.