தையலக்காவுக்கு வந்த அழைப்புகள்

தையலக்கா சண்டை போடாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. ஆனால் எல்லாரிடமும் மறுநாளே பேசிவிடுவாள். அவள் மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரே ஒருவரைத்தான்.

மூன்றாவது மாடியில், ஜன்னலை ஒட்டி மெஷினைப் போட்டுக்கொண்டு பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவள் அவள். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கோபம் முற்றினால் அவள் கத்த மாட்டாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு மடமடவென்று தைக்க ஆரம்பித்துவிடுவாள். அப்போது கிட்டே போகக்கூடாது என்பது கல்யாணமான முதல் மாதமே கணவருக்குப் புரிந்துவிட்டது.

பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே போன் நம்பர்தான். அந்த வருடக் கோடையில் மாநகராட்சியின் பேரிடர் பிரிவு, ஊர் முழுக்க ஒரு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியது. வெள்ளம் வந்தால் அழைக்க வேண்டிய எண் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசி இலக்கம் ஒன்று என்று இருக்க வேண்டியது, ஏழு என்று அச்சாகிவிட்டது. ஏழில் முடிவது தையலக்காவின் நம்பர்.

சாக்கடை அடைத்துக்கொண்டவர்களும், சும்மா சோதித்துப் பார்க்கிறவர்களும் கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் பேரிடர் பிரிவுக்கு நேரில் போனாள். அதிகாரி மரியாதையாகவே பேசினார், சரிசெய்துவிடலாம் என்றார். ஒரு மாதம் கழித்துப் போனபோது தன் சொந்த நம்பர் போட்ட கார்டைக் கொடுத்து, எதுவானாலும் தன்னைக் கூப்பிடச் சொன்னார். மூன்றாவது தடவை போனபோது அவர் முகம் மாறிவிட்டது.

"மழைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கும்மா. அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாத்திக்கலாம். அவ்வளவு தொந்தரவா இருந்தா நீங்க உங்க நம்பரை மாத்திடுங்களேன்."

மழை மூன்று மாதம் காத்திருக்கவில்லை. பருவத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புதன்கிழமை விடிகாலையில் பிடித்தது. பத்து மணிக்கு ஏரிக்கரை உடைந்தது. பத்தேகாலுக்கு அவள் போன் அடித்தது. சாயங்காலம் வரை நிற்கவே இல்லை.

முதலில் சரியான எண்ணைச் சொல்லிச் சொல்லி வைத்தாள். ஐந்து நிமிடத்தில் அதே ஆட்கள் திரும்பக் கூப்பிட்டார்கள். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை என்றார்கள். பருவம் தொடங்கினால்தான் அந்த அறைக்கு ஆள் போடுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதிகாரியைக் கூப்பிட்டாள். ஆறு தடவையும் அவர் கட் பண்ணினார். தீயணைப்பு நிலையத்துக்கு லைனே கிடைக்கவில்லை. அளவெடுக்கும் நோட்டைப் பிரித்து, இடுப்பளவுக்கும் கையளவுக்கும் நடுவே முகவரிகளையும் போன் நம்பர்களையும் எழுத ஆரம்பித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் மட்டும் ஒன்பது தடவை கூப்பிட்டாள். தரைத்தள வீடு, படுத்த படுக்கையான கணவர். ஒவ்வொரு தடவையும் தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினாள். கட்டில் மேலே மேசையைப் போட்டு அவரைத் தூக்கி உட்கார வைத்திருப்பதாகச் சொன்னாள். எட்டாவது தடவை, "ஆள் அனுப்பிட்டீங்களா மேடம்? நான் இவரைத் தனியா விட்டுட்டு வெளியே போகவா, வேணாமா?" என்று கேட்டாள்.

"ஆள் வந்துகிட்டே இருக்காங்க. நீங்க அங்கேயே இருங்க" என்றாள் தையலக்கா.

அது பொய். ஒன்பதாவது அழைப்பில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று நாள் கழித்து, தண்ணீர் வடிந்ததும், கணவரையும் அழைத்துக்கொண்டு அந்த முகவரிக்குப் போனாள். வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டு பேரையும் ஒன்றாகவே எடுத்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். 

அந்த வாரம் அதிகாரி டிவியில் பேசினார். யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றார். ஏற்பாடுகளில் குறை இல்லை, மக்களுக்குத்தான் விழிப்புணர்வு போதவில்லை, உதவி எண்ணுக்கு மொத்தமே பதினான்கு அழைப்புகள்தான் வந்தன என்றார்.

தையலக்கா நோட்டை எடுத்து எண்ணினாள். இருநூற்றுப் பதின்மூன்று. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து, தினமும் காலையில் மெஷினில் உட்காருவதற்கு முன் நோட்டில் இருந்தவர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டாள். எல்லாரிடமும் ஒன்றே சொன்னாள். இது அதிகாரியின் சொந்த நம்பர், கூப்பிடுங்கள், திட்ட வேண்டாம், சாபம் விட வேண்டாம். உங்கள் முகவரியைச் சொல்லுங்கள், தண்ணீர் எந்த அளவுக்கு வந்தது என்று சொல்லுங்கள், வைத்துவிடுங்கள்.

கூப்பிட்டார்கள். அவர் பல் துலக்கும்போது கூப்பிட்டார்கள், மீட்டிங்கில் இருக்கும்போது கூப்பிட்டார்கள், மாமனார் வீட்டு விசேஷத்தில் நிற்கும்போதும் கூப்பிட்டார்கள். நம்பரை மாற்றினார். இருநூற்றுப் பதின்மூன்று பேரில் ஒருவர் அவர் வீட்டுக்குத் தண்ணீர்க் கேன் போடுகிறவர். இரண்டே நாளில் புது நம்பர் தையலக்காவின் நோட்டுக்கு வந்துவிட்டது.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம் அவரே மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை, மனைவி போன் மணி கேட்டாலே நடுங்குகிறாள், இது நிற்காவிட்டால் போலீஸுக்குப் போவேன் என்றார்.

"தாராளமா போங்க சார். அவங்க எதுக்குன்னு கேட்பாங்க இல்ல? நோட்டை நானே எடுத்துட்டு வர்றேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போன் அடித்தது. மஞ்சள் நோட்டீஸ்கள் இன்னும் சுவர்களில்தான் இருந்தன. அவள் போனை அவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்குத்தான். பேசுங்க."

ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல். வெள்ளத்தில் ஊறிய பக்கத்துக் கட்டடத்துச் சுவர் தங்கள் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது, உள்ளே ஏழு பேர் இருக்கிறோம், இருப்பதா கிளம்புவதா என்று கேட்டது. அதிகாரி முகவரியைக் கேட்டுக்கொண்டார்.

"ஆள் வந்துகிட்டே இருக்காங்க, நீங்க அங்கேயே இருங்க" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தையலக்கா எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

"யாரு சார் வந்துகிட்டிருக்காங்க? பேரு சொல்லுங்க."

அவர் தன் போனிலிருந்து சரியான எண்ணை, அந்த ஒன்றில் முடிகிற எண்ணை, அழைத்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. பிறகு ஒவ்வொருவராகப் பிடித்துக் கெஞ்சினார், அதட்டினார், தன் பதவியைச் சொன்னார். அவள் ஒரு சீருடைக்குக் கை வைத்து முடித்துவிட்டாள். நாற்பது நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது என்று தெரிந்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தாள். அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அந்த ஏழு பேரும் வெளியேறினார்கள். சுவர் அன்று விழவில்லை. மழை வாடையே இல்லாத, சுள்ளென்று வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் தொடாமல், தானாக விழுந்தது.

அதிகாரி இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதல் வேலையாக நோட்டீஸை மாற்றி ஒட்டினார், அந்த அறைக்கு வருடம் முழுவதும் ஆள் போட்டார். பயந்துதான் போட்டிருக்க வேண்டும். பயம் நல்லது என்று தையலக்கா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அவரவருக்கு வேலை இருந்தது. அவள் மட்டும் புதன்கிழமைதோறும் பழைய அதிகாரியை அழைக்கிறாள். அந்தத் தரைத்தள வீட்டின் முகவரியைச் சொல்கிறாள், தண்ணீர் மேசைக்கு மேலே எத்தனை அடி நின்றது என்று சொல்கிறாள், வைத்துவிடுகிறாள். தான் சொன்ன பொய்யை அவரிடம் சொன்னதில்லை. கணவரிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

போன வாரம் கணவர், "போதாதா? அந்த மனுஷன் எடுக்காம விட்டா என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

"காலையில அஞ்சரைக்கு ஒரு பஸ் இருக்குங்க, நாலு மணி நேரத்துல அங்கே போயிடும்" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "உங்க டிப்போவுலதான் விசாரிச்சேன்."