சீடைக்கு வந்த போன்கள்

எங்கள் அப்பாவுக்குத் தெலுங்கு தண்ணிப்பட்ட பாடு. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம். அப்பா பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ஆட்டோக்காரரோடு சண்டை, காய்காரம்மாவோடு பேரம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நலம் விசாரிப்பு எல்லாம் மணிமணியான தெலுங்கில் நடக்கும். எழுதப் படிக்க மட்டும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. பேசினாப் போதாதா, பரீட்சையா எழுதப் போறோம் என்பார். அம்மா கல்யாணத்துக்குப் பிறகு கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுடைய தெலுங்கு பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும் அளவுக்குத்தான். எனக்குப் பள்ளியில் இரண்டாம் மொழி இந்தி. தெருவில் விளையாடியதில் தெலுங்கு காதுக்குப் புரியும், கண்ணுக்குப் புரியாது. ஆக செகந்திராபாத்தை ஒட்டிய நாச்சாரத்தில் எங்கள் வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெலுங்கு எழுத்து வெறும் கோலம்தான்.

அம்மா சீடை செய்தால் வெடிக்காது. இதை ஒரு பெருமையாக எழுத வேண்டியிருக்கிறதே என்று நினைப்பவர்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று சீடை பொரித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மாவில் ஒரு பொட்டு கப்பி தங்கினாலும் போதும், பட்டாசு மாதிரி கூரைக்குப் போகும். அம்மா மாவை மறுபடி மறுபடி சலிப்பாள். இனிமேல் சலிக்க ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றிய பிறகும் சலிப்பாள். கோகுலாஷ்டமிக்கு எங்கள் தெருவில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் அவளிடம் கேட்டு வாங்க ஆரம்பித்தன. அவர்கள் சொல்லி வேறு சிலர் வந்தார்கள். அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்பாவுக்குப் போதவில்லை.

அப்பா அப்போது டப்பா மூடி செய்கிற பாக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் போனில் தொழில் முன்னேற்றம் பற்றிய வீடியோக்களைப் பார்ப்பார். கோட்டுப் போட்ட ஆட்கள் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்கள். ஒரு நாள் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார்.

"மார்க்கெட்டிங் என் டிபார்ட்மெண்ட். மாவு உன் டிபார்ட்மெண்ட்."

மாவு டிபார்ட்மெண்டில் என்னென்ன வரும் என்பது போகப் போகத் தெரிந்தது. அரிசி ஊறவைப்பது, நிழலில் உலர்த்துவது, மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போவது, சலிப்பது, வறுப்பது, பிசைவது, உருட்டுவது, பொரிப்பது, டப்பாவில் அடைப்பது எல்லாம் அதில் வந்தன. மார்க்கெட்டிங் டிபார்ட்மெண்டில் யோசிப்பது வந்தது. அப்பா ஒரு வாரம் யோசித்துத் தொழிலுக்கு 'வீட்டுச் சீடை' என்று பெயர் வைத்தார். எல்லோரும் ஏற்கனவே அப்படித்தான் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவரைக் கிண்டல் செய்கிறேனே தவிர, அவர் எண்ணத்தில் ஒரு தப்பும் கிடையாது. அம்மா விடியற்காலையில் மாவு சலித்து, எனக்குத் தலை பின்னி, இரண்டு டப்பா கட்டி, பேகம்பேட்டில் இருந்த ஆபீசுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள். சாயங்காலம் நின்றுகொண்டே திரும்புவாள். வந்து முகம் கழுவி, ஒரு பக்கம் என் கணக்கு நோட்டு, ஒரு பக்கம் மாவு என்று தரையில் உட்காருவாள். நான் வாய்ப்பாடு ஒப்பிக்க ஒப்பிக்க அவள் உருட்டி உருட்டித் துணியில் போடுவாள். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாதான் ஒரு நாள் சொன்னார்.

"இந்த அஷ்டமிக்கு நல்லா ஓடிச்சுன்னா வேலையை விட்டுடும்மா. எதுக்கு இந்தக் கஷ்டம்? வீட்டுலயே இரு. தொழிலையும் பாக்கலாம், பாப்பாவையும் பாத்துக்கலாம்."

"பாப்போம்" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, சந்தோஷத்தில். அப்போது நான் நாலாம் வகுப்பு. வீட்டுச் சாவி கறுப்புக் கயிற்றில் என் கழுத்தில் தொங்கும். பள்ளி விட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, ஹாட்பாக்சில் இருப்பதைச் சாப்பிட்டு, அம்மா வரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். என் வகுப்பில் ஒருத்திக்கு அவள் அம்மா கதவைத் திறந்துவிடுவாளாம். அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எனக்கு வேண்டியது கதவைத் திறக்க ஒரு அம்மா, அவ்வளவுதான். சீடை நன்றாக விற்க வேண்டும் என்று நான் கிருஷ்ணரை வேண்டிக்கொண்டேன். அவருடைய பண்டிகைதானே, கொஞ்சம் அக்கறை இருக்கும் என்று நம்பினேன்.

அஷ்டமி நெருங்கியபோது அப்பா நோட்டீஸ் அடிக்க முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை பேப்பரோடு வீட்டுக்கு வீடு போக வேண்டும். இங்கிலீஷில் போடலாமே என்றாள் அம்மா. அப்பா தலையை ஆட்டினார். "நக்கோ நக்கோ, வேணாம். லோக்கல் பாஷைல போட்டாத்தான் நம்ம ஆளுன்னு நினைப்பான். வார்த்தை கம்மியா இருக்கணும். பாத்தவன் போன் போட்டே ஆகணும்."

பிரஸ்காரருக்குப் போனிலேயே வாசகத்தைச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வீடு என்பதற்குத் தெலுங்கில் இல்லு, வீட்டு என்பதற்கு இன்ட்டி. சீடையின் வாலை வெட்டிச் சீட ஆக்கினால் தெலுங்காகிவிடும் என்பது அப்பாவின் கணிப்பு. "இன்ட்டி சீட! ஒக்க போன் சேயண்டி, மீ இன்ட்டிகே வஸ்தாமு." அதாவது வீட்டுச் சீடை, ஒரு போன் போடுங்கள், உங்கள் வீட்டுக்கே வருகிறோம். அந்தப் பக்கம் பிரஸ்காரர் ஏதோ கேட்டார். "ஹவ், ஹவ், இன்ட்டி சீடனே" என்று ஆமாம் போட்டார் அப்பா. அவர் மறுபடியும் கேட்டார். அப்பாவுக்குக் கோபம் வந்து அதே வார்த்தையை இன்னும் சத்தமாகச் சொன்னார். கீழே அம்மாவின் நம்பர். மேலே அப்பாவே எடுத்த படம்: எவர்சில்வர் தட்டில் வெல்லச் சீடை, கறுத்துச் சிவந்த உருண்டைகளாக.

அடுத்த நாள் இரண்டாம் சனிக்கிழமை. எனக்கு லீவு, அம்மாவுக்கு இல்லை. அன்று என்னையும் ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். வெளியூருக்குச் சரக்கு அனுப்புகிற ஆபீஸ் அது. பேகம்பேட்டில் இருந்த விமான நிலையம் ஊருக்கு வெளியே போன பிறகும் இவர்கள் மட்டும் அங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மாவுக்குச் சுழல்கிற நாற்காலி இருந்தது. மேஜையில் அவள் பெயர் எழுதிய பலகை இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லி, கூடவே மேடம் சேர்த்து, இது எங்கே போகணும், அது எப்போ வரும் என்று கேட்டார்கள். அம்மா நிமிர்ந்து பார்க்காமலே பதில் சொன்னாள். வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர் கிடையாது. அப்பா ஏம்மா என்பார், நான் அம்மா என்பேன். எனக்கு அந்தப் பெயரைக் கேட்கவே கூச்சமாக இருந்தது.

மத்தியானம் பிரஸ்காரர் நோட்டீசின் மாதிரியை அம்மாவின் போனுக்கு அனுப்பினார். பாக்டரிக்குள் அப்பா போன் வைத்துக்கொள்ள முடியாது. அம்மா பார்த்து ஓகே சொன்னால் அச்சடித்துவிடுவார். அம்மா அதைப் பக்கத்து நாற்காலி ஆன்ட்டியிடம் காட்டினாள். அவர் தெலுங்குக்காரர், எலுமிச்சம் சாதத்தில் எனக்குப் பாதி கொடுத்தவர். படித்தார். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். பிறகு இரண்டு விரல்களை மேஜை மேல் ஊரவிட்டு, குடுகுடுவென்று கொண்டுபோய் அம்மாவின் கையில் ஏற்றினார். அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை இருவரும் சிரித்தார்கள். பெரியவர்கள்கூட ஆபீசில் விளையாடுவார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

சிரித்து முடித்த பிறகு அம்மா ரொம்ப நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். பிறகு என்னிடம் காட்டினாள்.

"படம் நல்லா இருக்கா பாப்பா?"

"சூப்பரா இருக்கும்மா."

"அப்ப சரி" என்று ஓகே அனுப்பிவிட்டாள்.

ஞாயிறு காலை முதல் போன் வந்தது. அம்மா எடுத்து ஹலோ சொன்னாள், கேட்டாள், அப்பாவிடம் நீட்டினாள். "நீங்களே பேசுங்க. உங்க டிபார்ட்மெண்ட் ஆச்சே." அப்பா பூரித்துப் போய் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண்மணி பேசினார். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பரவாயில்லையா என்று கேட்டார்.

"பில்லலகி சாலா இஷ்டமண்டி!" என்றார் அப்பா. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், டப்பா டப்பாவாகத் தின்பார்கள் என்றார். போன் கட்டானது. சிக்னல் சரியில்லை என்றார் அப்பா.

அடுத்தது ஒரு பெரியவர். ஒரு சமையலறைக்கு எத்தனை உருண்டை தேவைப்படும் என்று கேட்டார். அது வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது, நீங்கள் எத்தனை பேர் என்றார் அப்பா.

"மேமா? மேமெந்துகு?" என்றார் பெரியவர். நாங்களா, நாங்கள் எதற்கு என்று அவர் கேட்டது நியாயம்தான்.

அப்பாவின் முகத்தில் லேசாகக் குழப்பம் தட்டியது. மூன்றாவதாகப் பேசியவர் நேராகவே விஷயத்துக்கு வந்தார். கரப்பான் பூச்சி எல்லாம் சாகுமா, இல்லை மயக்கம்தான் போடுமா?

அப்பா நோட்டீசை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். அடுத்த கட்டட வாட்ச்மேன் தெலுங்கு படித்தவர். அவர் அதை ராகம் போட்டுப் படித்தார். சீட என்றால் தெலுங்கில் பூச்சி. செடியை அரிக்கும், பயிரை அரிக்கும் பூச்சி. வீட்டுப் பூச்சியா, ஒரு போன் போடுங்கள், உங்கள் வீட்டுக்கே வருகிறோம். மேலே தட்டு நிறைய மருந்து உருண்டை. இவ்வளவு தெளிவான நோட்டீசை நான் பார்த்ததே இல்லை சார் என்று அவர் மனசாரப் பாராட்டினார்.

அப்பா அங்கிருந்தே பிரஸ்காரரைப் பிடித்துத் தெலுங்கிலும் இந்தியிலும் காய்ச்சினார். அவர் அசையவில்லை. நான் இரண்டு தரம் கேட்டேன், சீடதான் என்று நீங்கள்தான் கத்தினீர்கள், மாதிரி அனுப்பினேன், மேடம் ஓகே பண்ணினார்கள் என்றார். அப்பா மேலே வந்து அம்மாவைப் பார்த்தார்.

"ஏம்மா, அனுப்பினானாமே, நீ பாக்கலையா?"

அம்மா சல்லடையிலிருந்து தலையைத் தூக்கினாள். "படத்தைப் பாத்தேன். எனக்குத் தெலுங்கு படிக்க வருமாங்க?"

வராதுதான். அதில் ஒரு பொய்யும் இல்லை. அப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். நான்தான் ஹௌலா, வேற யாரு என்று தன்னையே முட்டாள் என்று திட்டிக்கொண்டார். அவர் அப்படி உடைந்து உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா எழுந்து போய் அவர் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்றைக்குப் போட்ட காப்பியில் அவருக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடுதல். போன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மூட்டைப்பூச்சிக்கு, கறையானுக்கு, ஒரு வீட்டில் எலிக்குக்கூட. கடைசியில் அம்மா அதை அணைத்து அலமாரியில் வைத்துவிட்டாள்.

"இந்த வருஷம் நக்கோம்மா" என்றார் அப்பா, சாப்பிடும்போது. "வேலையை விட்டுடாதே. அடுத்த வருஷம் பாப்போம்."

"சரிங்க" என்றாள் அம்மா.

அப்பாவின் பாப்போமுக்கு ஆயுள் கம்மி. அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. சீடை மட்டும் வருஷா வருஷம் நடந்தது, தெருக்காரர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும். அம்மா அந்த நாற்காலியில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறாள். ஆபீசில் நாற்காலியை மாற்றிவிட்டார்கள், பெயர்ப் பலகை அதேதான்.

வீட்டோடு இருந்தால் அவளை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடப்போவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அப்பா கெட்டதாக ஏதாவது சொல்லியிருந்தால் மாட்டேன் என்று சண்டை போட்டிருப்பாள். அவர் நல்லதைச் சொல்லிவிட்டார். அதை எப்படி மாட்டேன் என்பது? மேஜையில் ஊர்ந்துபோய் அவள் கையில் ஏறிய இரண்டு விரல்கள் பூச்சிதான் என்பது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் ஓகே அனுப்பினாள். அவளிடம் இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் தெலுங்கு படிக்க வராது என்பாள்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பிரஸ்காரர் எங்கள் குடியைக் கெடுத்துவிட்டார் என்பதுதான். கிருஷ்ணரோடும் பேச்சை நிறுத்தினேன். திங்கட்கிழமை காலை சாவிக் கயிறு மறுபடியும் என் கழுத்துக்கு வந்தது. அம்மா பெரிய பையில் சீடை டப்பாக்களை அடுக்கினாள், ஆபீஸ் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டாள், எனக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். பின்னும்போது ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தாள். துக்கத்தை வெளியில் காட்டாமல் இருக்கத்தான் பாடுகிறாள், பாவம் என்று நினைத்து, பின்னல் முடியும் வரை அவளுக்காக நான் அழுதுகொண்டிருந்தேன்.