அம்மா சொன்ன சாட்சி

டிசம்பர் பிறந்தாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். தெருவில் முதல் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்டிவிட்டார்கள் என்றால் அன்றிலிருந்து அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமல்தான் நடப்பேன். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள்தான். இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறேன், ஜெபம் பண்ணுகிறேன், கீர்த்தனை பாடுகிறேன். ஆனால் அந்த மாதத்தில் யாராவது என்னிடம் விசுவாசம், அற்புதம் என்று ஆரம்பித்தால் "சோலியைப் பாருங்க" என்று சொல்லிவிடத் தோன்றும். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர்கள் எனக்காக ஜெபிப்பதாகக் கேள்வி.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. ராஜபாளையத்தில் அம்மா, அக்கா, நான் மூன்று பேரும்தான் வீட்டில். அப்பா மில் வாசலில் லாரி மோதி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அக்கா நூல் மில்லுக்குப் போனாள். நான் பேண்டேஜ் துணி சுற்றிப் பாக்கெட் போடும் கம்பெனிக்குப் போனேன். அம்மாவுக்கு அடுப்படி நேரம் போக மிச்சமெல்லாம் ஆலயம்தான். பீடத்துத் துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் விரிப்பாள். எங்கள் தாவணி கிழிந்து தொங்கினாலும் கண்ணில் படாது.

மில்லில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் இருமுவார்கள். பஞ்சுத் தூசி. தூசி தொண்டையை விட்டு இறங்கட்டும் என்று வெல்லத்தைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அக்காவின் இருமலையும் அப்படித்தான் நினைத்தோம். ராத்திரியில் காய்ச்சல் வந்து, ரவிக்கை தொளதொளவென்று ஆகி, ஒருநாள் சளியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அம்மா பயந்தாள். அப்போதும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். அங்கே வரிசையில் நிற்பதில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள், மீதிப் பேர் எங்கள் சபையார். மூத்தவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. டிபி என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அதோடு முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி இருந்தாள். சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி பஸ் ஏறி, அந்த ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினோம்.

அங்கிருந்த டாக்டர் சிடுசிடுப்பான ஆள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். "ரெண்டு மாசத்துல நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கும். ஏமாந்துறாதீங்க. பாதியில விட்டா அது திரும்ப வரும், அப்ப இந்த மருந்து கேக்காது" என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் நம்பினேன்.

டாக்டர் சொன்னபடியேதான் ஆயிற்று. நவம்பர் முடிவதற்குள் இருமல் நின்றுவிட்டது. அக்கா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கன்னத்தில் சதை வைத்தது. வீட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. எனக்கும்தான் சந்தோஷம், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்து சேர்ந்தார். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாக எங்கள் ஆலயத்தில் மாலைக் கூட்டங்கள் நடக்கும். அவர் குரல் மணி மாதிரி இருக்கும். சுகத்தைக் கண்ணால் கண்ட பிறகு ஸ்தோத்திரம் சொல்வதில் என்ன இருக்கிறது, அதை அவிசுவாசியும் செய்வான், பெறுவதற்கு முன்பே பெற்றுவிட்டேன் என்று சபை நடுவில் சொல்கிறவன்தான் விசுவாசி என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். எனக்கு அப்போதே பகீரென்றது.

எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வருஷம் ஆண்டவர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். பெரும்பாலும் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஒருவர் மகனுக்கு வந்த டிரான்ஸ்ஃபர் ரத்தானதைச் சொல்வார். ஒரு அம்மா காணாமல் போன எருமை தானாக வீடு திரும்பியதை அழுதுகொண்டே சொல்வாள். சொன்னவர் வீட்டு முறுக்கும் அதிரசமும் வாசலில் எல்லாருக்கும் கிடைக்கும். அதனால் எவ்வளவு நீட்டினாலும் யாரும் முணுமுணுப்பதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அம்மா அதிரசம் சுட்டபோதே கேட்டேன், எதுக்கு இம்புட்டு என்று. அடுத்த மாவுருண்டையைத் தட்டி எண்ணெயில் போட்டாள்.

மறுநாள் விடியற்காலை ஆராதனை முடிந்ததும் அம்மா எழுந்து நின்றாள். "எம் மூத்த மகளுக்கு இருந்த நெஞ்சு வியாதிய ஆண்டவர் முழுசா எடுத்துப்போட்டாரு. இன்னைக்கு அவ பூரண சுகமா இருக்கா. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். ஆலயம் முழுக்க ஸ்தோத்திரம் என்றது. அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. வாசலில் ஆளாளுக்கு அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்கள்.

அம்மாவை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. அக்கா மில்லுக்கு நீண்ட லீவு போட்டதால் ஊரில் குசுகுசுவென்று பேச்சு ஆரம்பித்திருந்தது. கான்சாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது, நல்ல குடும்பம், சபைக்குள் மரியாதை உள்ளவர்கள். வியாதி உண்டு என்று நாலு பேர் சொல்வதற்கு முன்னால் வியாதி போய்விட்டது என்று ஆண்டவர் சந்நிதியில் சொல்லிவிட்டால் அதற்குமேல் எவன் வாயைத் திறப்பான்? அம்மா அப்படிக் கணக்குப் போட்டிருப்பாள். அதையும் விசுவாசம் என்றே நம்பியிருப்பாள், அதுதான் கொடுமை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அக்கா வாங்கவில்லை.

"சாமி முன்னால அம்மா சொல்லியாச்சுடி. இனிமே இத முழுங்குனா அம்மா பொய் சொன்னதா ஆயிரும்லா. ஆண்டவர்கிட்ட ஒரு பேச்சு, ஆஸ்பத்திரில ஒரு பேச்சுன்னு பேச எனக்கு வராது."

கத்தினேன். ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடித்திருக்கிறது, சாப்பிட்டதனால்தானே நல்லாயிருக்கிறாய் என்றேன். அக்கா சிரித்தாள். அம்மா அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அத்தனையும் அவள் காதில் விழுந்தது. நிறுத்து என்றும் சொல்லவில்லை, சாப்பிடு என்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால் மாத்திரை டப்பா வைத்த இடத்தில் இல்லை.

நான் போதகரிடம் போனேன். நல்ல மனுஷர்தான், எங்களுக்கு உதவிகள் செய்தவர். மருந்தை விட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "நான் ஒரு நாளும் மருந்த நிறுத்தச் சொன்னதில்லையேம்மா" என்றார். உண்மைதான். யாருமே சொல்லவில்லை. அப்படியானால் அதையே ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பொதுவாகச் சொல்லுங்கள், சாட்சி சொன்னவர்களும் மருந்து சாப்பிடலாம் என்று ஒரு வரி போதும் என்றேன். அந்தச் சாட்சியைக் கேட்டு எத்தனையோ பேர் திடன் கொண்டிருக்கிறார்கள், இப்போது இதைச் சொன்னால் அவர்கள் இடறிப்போவார்கள் என்றார். பிறகு என் தலையில் கை வைத்து ஜெபித்தார். அந்தக் கையைத் தட்டிவிடாமல் நின்றதற்கு அவர் வயசுதான் காரணம்.

கான்சாபுரத்தார் ஜனவரியில் வந்து பெண் பார்த்தார்கள். பிடித்துப்போயிற்று. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் முடிந்து வைத்துக்கொள்ளலாம் என்று பேசினார்கள். ஈஸ்டருக்கு முன்பே இருமல் திரும்பி வந்துவிட்டது. அக்கா தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமினாள். அம்மா கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள், மறுபடி தள்ளிப் போட்டாள். அவர்கள் எத்தனை நாள் பார்ப்பார்கள்? ஆடி முடிவதற்குள் சுந்தரபாண்டியத்தில் வேறு பெண்ணை முடித்துவிட்டார்கள். அக்கா அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரத்தில் சோறு இறங்கவில்லை.

மழைக்காலத்தில் வாய் நிறைய ரத்தம் வந்தது. இனி யாரையும் கேட்பதாக இல்லை என்று நானே அவளைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனேன். அதே டாக்டர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "எங்கம்மா போயிருந்தீங்க இத்தன நாளும்?" என்று மட்டும் கேட்டார். வார்டில் சேர்த்தார்கள். பழைய மாத்திரை கேட்கவில்லை. ஊசி போட்டார்கள், வேறு மருந்து மாற்றினார்கள்.

ஊரில் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? தன் தங்கச்சிக்கு உடம்பு முடியவில்லை, மூத்தவள் ஒத்தாசைக்குப் போயிருக்கிறாள் என்றாள். பாவம் சித்தி, கல் மாதிரி இருந்தவளை நோயாளி ஆக்கிவிட்டாள்.

வார்டு வராந்தாவில் உட்கார்ந்து நான் நிறைய யோசித்திருக்கிறேன். சுற்றிலும் மார்கழிப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கும், பெருமாள் கோயில் ஊர் அது. எல்லாருக்கும் அது காத்திருக்கிற மாதம். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள் காத்திருப்பதற்கு என்று. மரியாளுக்கு தேவதூதனே வந்து சொன்னானே, அவள்கூட மாதம் நிறையும்வரை சுமந்துதானே பெற்றாள். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது என்று எந்தப் பிள்ளைத்தாச்சியாவது ஊருக்கு அதிரசம் கொடுப்பாளா? அம்மாவுக்கு ஆண்டவர்மேல் நம்பிக்கை இருந்திருந்தால் மிச்ச மாதங்களைப் பொறுத்திருப்பாள். அவர் செய்ய மாட்டாரோ என்ற பயத்தில்தான் அவசரப்பட்டு ஆலயத்தில் சொல்லி, அவரைச் சிக்க வைக்கப் பார்த்தாள். அவர் எங்கே சிக்கினார்? சிக்கியது அக்காதான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா ராஜபாளையத்தில் ஆராதனையை முடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். கட்டாமல் போனால் சபையில் சந்தேகப்படுவார்கள் என்று கட்டினாளாம். அக்காவுக்குப் பேச மூச்சு போதவில்லை. சைகையில் அம்மாவைக் கிட்டே கூப்பிட்டாள்.

"கோயில்ல என்னைக் கேட்டாவளா?"

"கேட்டாவ."

"என்ன சொன்னீய?"

அம்மா அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "நல்லா இருக்கான்னு சொன்னேன்."

அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். நல்ல காரியம் செய்தாய் என்கிற மாதிரி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் இரண்டு பேரையும் அடித்திருப்பேன்.

புது வருஷம் பிறப்பதற்குள் அக்கா போய்விட்டாள். வேன் வைத்து ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்தோம். திடீர்க் காய்ச்சல் என்று அம்மா சொன்னாள், சித்தியும் ஆமாம் என்றாள். சபையே திரண்டு வந்தது. கிறிஸ்துமஸன்றைக்குக்கூட நல்லா இருக்கிறாள் என்றாளே அம்மாக்காரி என்று ஆளாளுக்கு மாய்ந்துபோனார்கள். அவ்வளவு இளைத்துக் கிடந்த உடம்பைப் பார்த்துமா தெரியவில்லை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் போதகர், அழைப்பு எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது, எப்போதும் ஆயத்தமாக இருங்கள் என்று பேசினார். பேசும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

மண் போட்டுத் திரும்பும்போது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். நல்லவள், கள்ளமில்லாமல் அழுதாள். "ஒரு நாள்கூட கெடையில கெடக்காம போயிட்டா பாரு தாயி. அம்புட்டு வியாதியில இருந்து சுகமானவ, வலியில்லாம போயிட்டா. அதுவும் கிருபைதான்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் வந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து, வளையல் நசுங்குகிற அளவுக்கு அழுத்தினாள்.

"ஆமாக்கா, கிருபைதான்" என்றாள்.