ஆறு டிக்கெட் கனம்

குன்னூருக்கு மேலே, அப்பா வேலை பார்த்த தேயிலை ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸில் எங்களுக்கென்று ஒரு கயிற்றுக் கட்டிலும் ஒரு ஸ்டூலும்தான் இருந்தன. அக்காவை முதன்முதலில் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து மூன்று நாற்காலிகள் வாங்கிப் போட்டோம். அவர்கள் எழுந்திருக்கும் முன்பே நாற்காலியைக் கேட்டு ஆள் வந்துவிட்டது. வந்தவர்களில் ஒருவர், "காப்பி டம்ளராவது உங்களுதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த இடம் வேண்டாம் என்றாள் அக்கா. அப்பா ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்து, ஊட்டிக்கும் அந்தப் பக்கம் இருக்கும் ஸ்ரீமதுரையிலிருந்து ஒரு பையன், தாய் தகப்பனோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அக்கா அப்பாவிடம், "பாத்துட்டுச் சொல்றனுங்க. வேண்டாம்னா மறுபடியும் கேக்காதீங்க" என்றாள். நான் பெஞ்சு செய்கிறேன் என்றேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஃபேக்டரித் தச்சரிடம் ரம்பம், இழைப்புளி, உளி மூன்றையும் கேட்டு வாங்கி வந்தேன்.

"நாற்காலி இரவல் வேண்டாம்னு இழைப்புளிய இரவல் வாங்கியாந்திருக்கறான்" என்றாள் அக்கா.

அளவுகள் என் நாட்குறிப்பில் இன்றும் இருக்கின்றன. காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரத்தின் பலகை. நீளம் ஐந்தடி, மூன்று பேருக்குப் போதும். அகலம் பதினோரு அங்குலம். உயரம் பதினெட்டு. கால்களின் தலையைச் சதுரமாகச் செதுக்கி, பலகையில் அதே அளவில் துளையிட்டுத் தட்டி இறக்கினேன். துணி துவைக்கும் கல்மேடையில் வைத்துப் பார்த்தபோது அசையவில்லை. கூடத்தில் போட்டதும் ஆடியது.

நீளமாகத் தெரிந்த காலை அறுத்தேன். வேறு கால் தூக்கியது. அதையும் அறுத்தேன். சனிக்கிழமை மாலைக்குள் உயரம் பதினாறே முக்கால் ஆகிவிட்டது.

"இன்னும் அறுத்தியின்னா மணையாப் போயிரும்டா" என்று ரம்பத்தைப் பிடுங்கிய அக்கா, தட்டையான தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தாள். தண்ணீர் முழுவதும் கதவுப் பக்கத்து ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. அந்த மூலையில் மட்டும் தரை இறங்கியிருந்தது. நான் கால்களை அளந்தேன், தரையை அளக்கவில்லை.

"பெஞ்ச எதிர்ப் பக்கம் நகத்தலாமா?" என்றேன்.

"அங்க கட்டில் கெடக்குது. விடு, ஆடட்டும்."

மறுநாள் அவர்கள் வந்தார்கள். பையனின் அப்பா உட்கார்ந்ததும் பெஞ்சு 'டக்' என்றது. பையனின் அம்மா உட்கார்ந்ததும் மறுபடி 'டக்.' என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் சமையலறைக் கதவருகே அக்காவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். யாராவது சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

பையன் உட்காரவில்லை. "சித்த எந்திரிங்கப்பா" என்று சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியோடு தரையில் மண்டியிட்டு நான்கு கால்களையும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்தார். ஊட்டி வரை மூன்று, அங்கிருந்து குன்னூருக்கு மூன்று. ஆறையும் சேர்த்து மடித்துக் கதவுப் பக்கத்துக் காலுக்கு அடியில் செருகினார். கையால் அழுத்திப் பார்த்தார்.

"தரைதானுங்க இறங்கியிருக்குது. பெஞ்சு நல்லாத்தான் இருக்குது" என்று என் அப்பாவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடும் முன்பே கூடத்துக்குப் போனாள்.

அவர்கள் போன பிறகு அப்பா, "என்னம்மா எழுதட்டும்?" என்றார்.

"சரின்னு எழுதுங்கப்பா. எறங்குனதுக்கப்புறமும் டிக்கெட்ட வெச்சிருக்கற ஆளு, என்னைய எங்கியும் தொலச்சிர மாட்டாரு."

அப்பா அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதினார். நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில், கால்களின் அளவுகளுக்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "கதவுப் பக்கத்துக் கால், பதினாறே முக்காலும் ஆறு டிக்கெட்டும்."