முதலில் கடல், பிறகு பத்மநாபன்

1. ஆத்யம் பத்மநாபன்

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் இருந்த லாட்ஜில் நான் வேலை கேட்டுப் போன அன்று, மானேஜர் குறுப்பு சார் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருவைக் கையால் காட்டி, "எடோ தாணு, இந்தத் திருவனந்தபுரத்த ரெண்டு நாளில காட்டணும். எங்ஙனே காட்டுவே?" என்று கேட்டார்.

"நடத்தித்தான் காட்டணும் சார்" என்றேன்.

"வண்டிக்காரன்மார் நம்மளக் கொல்லும்" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கவில்லை. சுசீந்திரத்துக்காரனான எனக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரம். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சனிக்கிழமை வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்புகிறவர்களை நாங்கள் 'வீக்எண்டு பார்ட்டி' என்போம். அவர்களுக்கு ப்ளான் போடுவது என் வேலை. ஓட்டல்களில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நிற்கிற இன்றைய பிள்ளைகள், இடங்களின் பெயரைச் சொல்லிவிட்டால் ப்ளான் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பெயரைச் சொல்ல ஜட்காக்காரன் போதுமே, உங்களுக்கு எதற்குச் சம்பளம்?

ஊர் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. உச்சி வெயிலில் ஒருவரைப் பாளையம் மேட்டில் ஏற்றினால், பிறகு மியூசியத்தில் தங்கத்தையே வைத்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. காலையில் மேடு, மதியம் நிழல், வெயில் சாய்ந்தபின் சாலைக் கடைத்தெரு என்று நான் ஒரு வரிசை வைத்திருந்தேன். எதற்குப் பின்னால் எது என்பதில்தான் தொழில் இருக்கிறது. என் ப்ளானில் நடந்த ஒருவர்கூடக் கால் வலிக்கிறது என்று முகம் சுளித்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன், பெருமைப்பட எனக்கு உரிமை உண்டு.

வரிசையில் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்பது குறுப்பு சாரின் சட்டம். "ஆத்யம் பத்மநாபன். பின்ன மதி மத்ததெல்லாம்" என்பார். வந்து குளித்ததும் முதல் தரிசனம், அப்புறம்தான் ஊர். அந்தச் சட்டத்தை நான் ஒரே ஒரு முறை மீறினேன்.

2. துண்டு இடுப்பில்தான்

மதுரையிலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்தார்கள். அவர் சௌந்தரராஜன், மில் ஆபீசில் வேலை. அந்தப் பெண் ரங்கநாயகி. கல்யாணமாகி ஒரு மாதம். வீட்டில் பதினான்கு பேர், இருப்பதோ இரண்டு அறை. புருஷனும் பெண்சாதியும் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் கிணற்றடிக்குத்தான் போக வேண்டும் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் முதன்முதலாகத் தனியாக இருக்கப்போவதே எங்கள் லாட்ஜில்தான்.

"எங்கப்பா அனந்தசயனத்தப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே போய்ச் சேந்துட்டாரு. அவருக்காக நான் பாக்கணும். வேற எதையும் காட்டாட்டியும் பரவாயில்ல" என்றாள் அந்தப் பெண்.

"அது முதல்லயே இருக்கும்மா. இன்னைக்குச் சாயங்காலம் கோயில். நாளைக்குக் காலையில கடல், அப்புறம் மியூசியம்" என்றேன். அப்புறம் எல்லாரிடமும் சொல்வதுபோல, "சார், நீங்க வேட்டி கட்டிக்கிடணும். மேல சட்டை கூடாது" என்றேன்.

அவர் முகம் வெளிறியது. "மதுரையில சட்டையோடதான போறோம்?"

"இங்க அது நடக்காது சார்."

"மேல துண்டு போத்திக்கலாம்ல?"

"கூடாது சார். துண்டு இடுப்புலதான்."

அவர் மாடிக்குப் போனார். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துத் தனியாக இறங்கி வந்து, மேஜைமேல் குனிந்து, "சார், கோயில் இன்னைக்கும் நாளைக்கும் மூடியிருக்குன்னு அவகிட்டச் சொல்லிருங்க" என்றார்.

ஏன் என்று கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மேல் இரண்டு பித்தானைக் கழற்றினார். நெஞ்சு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். முதுகிலும் அப்படியே என்றார். "வெண்குஷ்டம்னு ஊரு சொல்லும். தொத்தாது சார், டாக்டரே சொல்லியிருக்காரு. பொண்ணு பாக்கும்போது எங்க வீட்டுல மறைச்சுட்டாங்க. நானும் வாயத் திறக்கல. அவ இன்னும் பாக்கல." பித்தான்களை மறுபடி போட்டுக்கொண்டார். "அத்தனை கூட்டத்துக்கு நடுவுல பாத்தான்னா அப்படியே ஊருக்குப் பொட்டியக் கட்டிருவா."

பக்கத்தில் நின்ற குறுப்பு சாருக்கும் இது கேட்டது. அவர் நல்ல மனுஷர். "எடோ, பார்ட்டி பறஞ்ஞா நம்ம செய்யணும். நடை அடச்சுன்னு ஒரு வார்த்தை, அத்ரயே உள்ளூ" என்று, அவ்வளவுதானே என்பதுபோல் கையை விரித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த ஊரில் நின்றுகொண்டு பத்மநாபசாமி கோயில் மூடியிருக்கிறது என்று சொல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. வாசலுக்கு வந்தால் முதல் ஜட்காக்காரனே "கிழக்கேகோட்டைக்கு வாங்க, தரிசனம் உண்டு" என்று கூவுவான். அது போகட்டும். அப்பாவுக்காக வந்த பெண்ணிடம் என் வாயால் அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்படிச் சொல்ல மாட்டேன் கேட்டேளா" என்றேன். "ஆனா வரிசைய மாத்தித் தாறேன். இன்னைக்குச் சாயங்காலம் கடல். நாளைக்குக் காலையில கோயில். நடுவுல ஒரு சாயங்காலம் முழுசா உங்க கையில இருக்கு. கூட்டத்துல அவங்களாக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னால நீங்களாச் சொல்லிருங்க."

"சொன்னா போயிருவா சார்."

"சொல்லாட்டாலும் நாளைக்குத் தெரியும். எது மேல்?"

அவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். "முடியாது" என்று மட்டும் சொல்லவில்லை.

ரங்கநாயகி இறங்கி வந்ததும், "அம்மா, சாயங்காலம் கூட்டம் நெரிக்கும். காலையில குளிச்சு, தலை ஈரம் காயுததுக்குள்ள போனா பத்மநாபனை நின்னு நிதானமாப் பாக்கலாம். உங்க அப்பாவுக்காகப் பாக்குததுன்னா அப்படித்தான் பாக்கணும்" என்றேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் சரி என்றாள்.

ஜட்காக்காரனிடம், சங்குமுகத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், விளக்கு வைத்த பிறகு போய் ஏற்றிக்கொண்டால் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கடற்கரையில் கல்மண்டபம் இருக்கிறது. உட்கார்ந்து பேச அதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது.

3. கல்யாணம் கலக்கி

விளக்கு வைத்த பிறகு வண்டி வந்தது. அவள் முதலில் இறங்கி, யாரையும் பார்க்காமல் மாடி ஏறிப் போய்விட்டாள். கண் சிவந்திருந்தது. அவர் மேஜைப் பக்கம் வந்து, "சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான். இருவரும் சாப்பிட வரவில்லை.

குறுப்பு சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எடோ தாணு, கொள்ளாம். நல்ல ஒரு கல்யாணத்த நீ கலக்கி."

கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். நான் போட்ட ஒரு வரிசையில் அது கருகிப் போயிருந்தால்? ஊர் சுற்றிக் காட்ட வந்தவனுக்கு அடுத்தவர் குடும்பத்தில் என்ன வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன். உண்மையாகவே பயந்தேன்.

ஞாயிறு காலையில் அவள் தனியாக இறங்கி வந்தாள். தலை குளித்து ஈரக் கூந்தலை நுனியில் முடிந்திருந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"இவரு நேத்தே உங்ககிட்டச் சொன்னாராமே?"

"சொன்னாரும்மா."

"கோயில் மூடியிருக்குன்னு சொல்லச் சொன்னாராமே?"

"ஆமாம்மா."

"கட்டிக்கிட்டு ஒரு மாசமாச்சு. லாட்ஜுக்காரருக்குச் சொல்ல வாய் வருது, எனக்குச் சொல்ல வரல. அந்த வெள்ளைக்கா நான் அழுதேன்? எங்கப்பாவோட சாமிய எனக்குத் தெரியாம எடுத்துடப் பாத்தாரே, அதுக்கு அழுதேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அம்மா, நான் போனா அவருக்கு ஒரு நட்டமும் இல்ல. நீங்க போயிருவீங்களோன்னுதான் அவருக்குப் பயம். அதனாலதான் என்கிட்டச் சொல்ல முடிஞ்சுது."

அவள் ஈரக் கூந்தலின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள். பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பி, "இறங்கி வாங்க, நேரமாச்சு" என்று கூப்பிட்டாள்.

அவர் வந்தார். வேட்டி, இடுப்பில் துண்டு. கோயில் வாசலில் சட்டையைக் கழற்றினால் போதும் என்று நான் சொல்லியிருந்தேன். அவரோ அறையிலிருந்தே வெறும் மேலோடு வந்தார், இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு.

"கையை எடுங்க" என்றாள் அவள். "சாமி முன்னாடியும் இப்படித்தான் நிப்பீங்களா?"

அவர் கையை இறக்கினார். குறுப்பு சார் குனிந்து சாவிகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார்.

இரண்டு பேரும் கோட்டையைப் பார்த்து நடந்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். தேநீர்க் கடையில் ஒருவன் கிளாசை வாயில் வைத்தபடியே அவருடைய முதுகை வெறித்தான். அவள் நின்று, திரும்பி, அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். அவன் கிளாசுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் மறுபடி அவர் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

பிள்ளைகளே, பார்ட்டி கேட்கிறதையெல்லாம் செய்வது சேவை ஆகாது. கேட்கிறவர் எதற்குப் பயந்து கேட்கிறார் என்று பாருங்கள். பொய் சொல்லாமல் அவருக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்க முடியுமானால், கொடுங்கள். நம் தொழிலில் நாம் கொடுக்கக்கூடிய பெரிய பொருள் அதுதான். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்று தரிசனம் முடிந்து, எங்கள் லாட்ஜில் இட்லி சாப்பிட்டு, மியூசியத்துக்குப் போகும்போதும் அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நடந்தாராம். பாளையம் மேட்டில் வெயில் ஏறி, "முதுகு வெந்துரும், சட்டையப் போடுங்க" என்று அவள் அதட்டிய பிறகுதான் போட்டுக்கொண்டாராம்.