ஆமெனுக்குப் பிறகு

நான்கு வருடங்களுக்கு முன், மன்னார் உப்புக்குளத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. மகளுக்கு அப்போது நான்கு வயது. நான் விடியவே நண்டுக் கொம்பனிக்குப் போய், மத்தியானம் வரை நின்ற நிலையில் நண்டுச் சதை எடுப்பேன். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையில் அந்த மணம் போகாது. மீன்பிடித்துவிட்டுக் காலையில் கடலால் வரும் கணவர் மகளை முன்பள்ளியில் விட, வேலை முடிந்து நான் கூட்டி வருவேன். சோற்றைக் கொடுத்து, "அம்மாக்கு அலுப்பு, இதைப் பாருங்கோ" என்று போனையும் கொடுத்துவிட்டுப் பாயில் சரிந்துவிடுவேன். எழும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும், போனில் சார்ஜும் தீர்ந்திருக்கும்.

ஒரு நாள் முன்பள்ளியில் பெற்றார் கூட்டம். சின்னக் கதிரைகளில் முழங்கால் முகவாயில் முட்ட இருந்தோம். பிள்ளை எவ்வளவு நேரம் போன் பார்க்கிறது என்று ரீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். ஒரு தாய் ஒரு மணித்தியாலம் என்றார். அடுத்தவர் அரை, அதற்கடுத்தவர் கால். கரையில் மீன் ஏலம் ஏறும், இங்கே இறங்கிக்கொண்டே வந்தது. நானும் நல்ல பிள்ளைக்கு நடித்து, "சாப்பிடேக்க மட்டும்தான் ரீச்சர்" என்றேன்.

கடைசியில் பிள்ளைகளைக் கூப்பிட்டு, முடிவுச் செபம் சொல்ல என் மகளை விட்டார்கள். ஒரு பிழையில்லாமல் சொன்னாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆமென் சொல்லிச் சிலுவை போட்டவள், அதே கையை எங்களைப் பார்த்து ஆட்டி, "மறக்காம லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க!" என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஆர் பிள்ளைக்கு உதைச் சொல்லித் தந்தது?" என்று ரீச்சர் கேட்டார்.

"போன் மாமி."

"அம்மா உங்களோட கதைக்கிறேல்லையோ?"

மகள் என்னைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவள் நினைக்கவில்லை, எனக்காகப் பரிந்துதான் சொன்னாள்.

"அம்மா பாவம் ரீச்சர், அம்மாக்கு அலுப்பு. போன் மாமிக்கு அலுப்பே வராது."

சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த தாய் என் தோளைத் தொட்டு, "எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான்" என்றார். நான் எழும்பி, "ரீச்சர், என்ர பேருக்கு நேர எழுதினதை வெட்டிப்போட்டு மூண்டு மணித்தியாலம் எண்டு போடுங்கோ" என்றேன். பிறகு இன்னும் இரண்டு பேர் திருத்தச் சொன்னார்கள்.

அன்றோடு போனை நிறுத்திவிட்டேன் என்றால் அதுவும் பொய். வேலையும் மாறவில்லை, களைப்பும் குறையவில்லை. ஆனால் அதன் பிறகு பாயில் அவளையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கண் சொருகும் வரை எதையாவது கதைப்பேன். பாதியில் நித்திரையானால் உலுப்பி எழுப்புவாள். லைக்கும் ஷேரும் போன் சொல்லிக் கொடுத்தவை, அவற்றை அவள் எப்போதோ மறந்துவிட்டாள். அலுப்பு என்ற சொல்லை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.